பால் தொட்டியின் திறன் இடைவெளி

"பால் தொட்டியில தண்ணி வடிக்கத் தெரியுமாம்மா?" என்று பகலவன் கேட்டார். தெரியாது என்றாள் செவ்வந்தி. பதினோரு வருடமாக அவள் செய்துவந்த ஒரே வேலை அதுதான். இந்தப் பதிலைச் சொன்ன நேரத்திலும் அவளுடைய ஒரு கை வடிகால் அடைப்பின் மேல் இருந்தது.

"யாரு கத்துக் குடுத்தாங்க?"

"எங்களுக்கு யாருங்க கத்துக் குடுக்கப் போறாங்க."

"அப்பா, தாத்தா இன்னா வேலை?"

"கூலிங்க. அவங்களுக்கும் ஒண்ணும் தெரியாதுங்க."

பகலவன் டேப்லெட்டில் கட்டங்களைத் தொட்டார். ஒவ்வொன்றும் சிவப்பாக மாற மாற, அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. நோயாளி கிடைத்த வைத்தியருக்கு வரும் மலர்ச்சி.

கச்சிராயபாளையம் சாலையில் இருக்கும் அந்த ஜவ்வரிசி ஆலைக்குக் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு லாரி லாரியாக இறங்கும். கிழங்கை அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, மேல்தண்ணீரை வடித்தால் அடியில் மாவு நிற்கும். இந்த எளிய காரியம் இத்தனை காலமும் எந்தப் பகுப்பாய்வும் இல்லாமல் நடந்துவந்தது, முதலாளி வெங்கடேசனின் மகன் அஜித்குமாருக்குப் பெரும் அவமானமாக இருந்தது. கோயம்புத்தூரில் இரண்டு வருடம் நிர்வாகவியல் படித்து, ஒரு தாடியும் 'டேட்டா' என்ற ஒரு சொல்லும் சம்பாதித்துக்கொண்டு திரும்பியவன் அவன். அவன்தான் பகலவனை வரவழைத்தான். பகலவனின் விசிட்டிங் கார்டில் 'சென்னை – சிங்கப்பூர்' என்றிருந்தது. சிங்கப்பூருக்கு அவர் ஒரே ஒரு முறை, ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்திருந்தார். சொந்த ஊரான களமருதூரிலிருந்து அம்மா போனில் கூப்பிட்டால் மட்டும் ஆலைக்கு வெளியே போய், வேலி ஓரமாக நின்று, "நாத்து வுட்டாச்சா?" என்று அடிக்குரலில் விசாரிப்பார். கார்டில் களமருதூர் இல்லை.

அவர் கொண்டுவந்த மென்பொருளின் பெயர் 'திறனாய்வி'. ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டு யாருக்குத் தெரியவில்லை என்று கண்டுபிடித்து, அவருக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். வேலை பரம்பரையாக வந்ததா என்று பார்க்க, அப்பா, தாத்தா வேலை வரைக்கும் கேட்கும். பயிற்சியைப் பகலவனே தனிக் கட்டணத்தில் நடத்தித் தருவார். நோயும் மருந்தும் ஒரே பையில் இருந்தன.

அந்தப் பை திறக்கப்பட்ட காலம்தான் கோளாறு. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த மார்கழி மாதம் அது. சாதிவாரியாகக் கணக்கெடுக்க ஆணையம் போட்டிருப்பதாக டீக்கடையில் பேச்சு. கிராம நிர்வாக அலுவலகத்துக்கு ஊர்த்தெருக்காரர்கள் ஊர்வலமாகப் போய் மனு கொடுத்துவிட்டு வந்திருந்தார்கள். அதில் முன்னால் கொடி பிடித்தவர் ஆலையின் பாய்லர் ஆள் பிச்சைமுத்து. சாதிச் சங்கத்தின் கிளைச் செயலாளர். முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே கட்டிக்கொண்டு அரசியல் பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முதல் ஆளாக அவரைத்தான் பகலவன் விசாரித்தார். தாத்தா என்ன வேலை என்ற கேள்வி வந்ததும் பிச்சைமுத்துவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"கெவர்மெண்ட் கணக்குடா இது, ரகசியமா எடுக்கிறானுங்க," என்றார் டீ இடைவேளையில். "வேலைக்குன்னா தாத்தன எதுக்குடா கேக்கறான்? எல்லாரும் ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லுங்க. கத்துக்குடுக்க ஆளில்ல, பரம்பரையா இப்டித்தான்னு சொல்லுங்க. எவ்ளோ கம்மியா சொல்றமோ அவ்ளோ ஜாஸ்தி கெடைக்கும்."

சுவருக்கு அந்தப் பக்கம் கிழங்கு சீவிக்கொண்டிருந்த காலனிப் பெண்களின் காதில் இது விழுந்தது. அவர்கள் கம்மி என்றால் நாம் அதற்கும் கம்மி என்று அங்கே முடிவாயிற்று. ஊர்த்தெரு அரவை ஓட்டத் தெரியாது என்றது. காலனி கத்தி பிடிக்கவே தெரியாது என்றது. பாய்லர் ஆள் தீ மூட்டத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்ப் பீடி பற்றவைத்தார். இத்தனைக்கும் நடுவில் மாவு மூட்டைகள் லாரி ஏறிக்கொண்டுதான் இருந்தன. அதைக் கேட்கத் திறனாய்வியில் கட்டம் இல்லை.

செவ்வந்தி காலனிக்காரி. மற்றவர்களோடு சேர்ந்து சொன்னாளே தவிர, அவளுக்கு மனசு கொஞ்சம் இடித்தது. தொட்டி வேலையில் நிரந்தர ஆளாக இருந்த பூமாலை ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்தில் அவளை நிரந்தரமாக்குவதாக வெங்கடேசன் வாக்குக் கொடுத்திருந்தார். பொங்கல் கழித்து ஆர்டர். நிரந்தரமானால் ஈ.எஸ்.ஐ. கார்டு வரும், ஆஸ்பத்திரியில் கையைக் காட்டலாம். கிழங்குப்பால் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் வெடித்து, பின் வழவழத்து, ரேகையே அழிந்திருந்தது. ரேஷன் கடை மிஷினில் விரல் விழாமல் ஒவ்வொரு மாதமும் மகள் அபிநயாவை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

பொங்கல் கழிந்தது. அறிக்கை வந்தது. ஆலையில் ஒருவருக்கும் ஒரு வேலையும் தெரியாது. பகலவன் இதைப் பெருமையோடு வாசித்துக் காட்டினார். தன் தொழில் வாழ்க்கையில் இவ்வளவு தூய்மையான அறியாமையைக் கண்டதில்லை என்றார். வெங்கடேசனுக்கு அறிக்கை முழுதும் புரியவில்லை. வேலை தெரியாதவர்களை யாரும் நிரந்தரமாக்க வேண்டியதில்லை என்ற ஒரு வரி மட்டும் நன்றாகப் புரிந்தது. அன்றே எல்லாரும் பயிலுநர்கள் ஆனார்கள். எல்லாருக்கும் மஞ்சள் மேல்சட்டை.

செவ்வந்தி ஆபீஸ் வாசலுக்குப் போனாள்.

"தெரியாதுன்னு நீங்கதான சொன்னீங்க அக்கா," என்றான் அஜித்குமார். "டேட்டா இருக்கு."

"பதினோரு வருசமா நா அங்க இன்னா பண்ணிக்கினு இருந்தேன் தம்பி?"

அவன் உண்மையாகவே திரையில் தேடிப்பார்த்தான். "அது இதுல வரலியே அக்கா."

திரும்பும் வழியில் பாய்லர் பக்கம் நின்றாள். "உங்க கணக்கு கெவர்மெண்டுக்குப் போவலிங்க. ஆபீஸ் ரூமோட நின்னுபோச்சி."

"நா எங்க ஆளுங்களுக்குத்தான சொன்னேன்," என்றார் பிச்சைமுத்து. அவரும் மஞ்சள் சட்டையில் இருந்தார். "உங்கள யாரு சொல்லச் சொன்னது?"

"நீங்க கம்மின்னு எழுதிக்கினா நாங்க மட்டும் ஜாஸ்தின்னு எழுதிக்கினு போவணுமா?"

பிச்சைமுத்து நெருப்பைக் கிளறினார். தெரியாத வேலை என்பதால் கவனமாகக் கிளறினார்.

பகலவனோடு சேர்ந்து பயிற்சி தரும் ஆலை ஆள் யார் என்று தீர்மானிப்பதும் திறனாய்விதான். ஆலையில் அதிக மதிப்பெண் வாங்கியவர் அஜித்குமார். மென்பொருள் வேலை செய்கிறதா என்று சோதிக்க, எல்லாக் கேள்விக்கும் 'நன்கு தெரியும்' என்று தொட்டிருந்தான். முட்டி வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, மாவு காயவைக்கும் களத்தில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டினான். வெயிலில் படம் தெரியவில்லை. தெரியாத படத்தைப் பகலவன் ஆங்கிலத்தில் விளக்கினார். பயிலுநர்கள் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். வேலை நேரத்தில் உட்காரக் கிடைப்பது எப்போதாவதுதான்.

முடிந்ததும் செவ்வந்தி எழுந்துபோய் வழக்கம்போல அடைப்பை இழுத்தாள். மேல்தண்ணீர் இறங்கி, அடியில் மாவு வெள்ளையாகத் தெரிந்தது. பகலவன் அதை வீடியோ எடுத்தார். "பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு டேப்லெட்டை நீட்டினார். இப்பயிற்சியினால் தண்ணீர் வடிக்கக் கற்றுக்கொண்டேன்: ஆம், இல்லை.

"ஆம்னு போட்டா?"

"இன்னிலேருந்து உங்க சர்வீஸ் ஆரம்பிக்கும்மா."

"அந்தப் பதினோரு வருசம்?"

"அப்ப உங்களுக்கு வேலை தெரியாதே."

"இல்லன்னு போட்டா?"

"மறுபடி பயிற்சி. தெரியிற வரைக்கும் பயிலுநர்தான்."

பின்னால் மற்றவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். பிச்சைமுத்து வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வந்தி கையை மஞ்சள் சட்டையில் துடைத்து, விரலை நீட்டி அழுத்தினாள். திரை அசையவில்லை. புடவையில் துடைத்து மறுபடி அழுத்தினாள்.

"அழுத்தமா தொடுங்கம்மா. விரலை எடுத்துக்கல."

மூன்றாம் தரம் தொட்டாள். எதைத் தொட்டாள் என்பது பகலவனுக்குத் தெரியவில்லை. 'ஆம்' மீதும் 'இல்லை' மீதும் வெள்ளையாக மாவு அப்பியிருந்தது. வெயிலில் அது விளிம்பிலிருந்து காய ஆரம்பித்தது. அதற்கு அடியில் கேள்வி இன்னும் எரிந்துகொண்டிருந்தது.