அனுப்புவது தனி வேலை

1.
ஒளிப்பானேன், இது கதையாகப் பிறக்கவில்லை. மெயில் படிக்கிற மென்பொருளே அனுப்பவும் வேண்டுமா, அனுப்புவதை வேறொன்றிடம் விட வேண்டுமா என்று கணினிக்காரர்கள் சண்டை போடுவார்கள். அதில் நானும் மூக்கை நுழைத்து, ‘ஒன்றுக்கு ஒரு வேலை, அதுதான் சுத்தம்’ என்று கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். எடுத்துக்காட்டுக்குத்தான் ஹெலன் என்றொரு தொழிற்சாலைப் பெண்ணைக் கூப்பிட்டேன். வந்தவள் போக மாட்டேன் என்கிறாள்.

2.
தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கிய ஹெலனின் கண்களில் ஏதோ ஒரு...

(அடித்துவிட்டேன். அவள் கண்ணுக்கு ஒன்றுமில்லை. கோளாறு தகடு அழுத்துகிற நாலாம் நம்பர் பிரஸ் மிஷினில்.)

கை உள்ளே போனால் அந்த பிரஸ்ஸை நிறுத்துகிற சென்சாரை, வேகம் குறைகிறதென்று யாரோ கழற்றிவிட்டார்கள். குவாலிட்டி பார்க்கும் ஹெலன் சனிக்கிழமை காலையே அதைக் கண்டு மேனேஜருக்கு மெயில் போட்டாள். வாயால் சொன்னால் கேட்கிற மனுஷன் இல்லை அவர். எதுவானாலும் மெயிலில் வரவேண்டும். காலை ஷிப்டில் அந்த பிரஸ் ஓடவில்லை. ரெண்டு மணி ஷிப்டில் அதில் உட்காரப்போவது ஈஸ்வரி. ஒன்றரை வரை பதில் இல்லை. ஐடி தணிகாசலத்திடம் போனாள்.

"மெயிலு இன்னும் போவலம்மா. உன் கம்ப்யூட்டர்ல படிக்கத்தான் முடியும். அனுப்புற மிஷின் ஆபீஸ் ரூம்ல கீது. எங்க ஐடி ஆபீசரு அதை அணைச்சிட்டு ரூமைப் பூட்டிக்கினு போய்ட்டாரு. திங்கக்கெழம தொறந்து மிஷினைப் போட்டா தானா போவும்."

"இன்னாண்ணே இது? காது எங்களுக்கு, வாய் மட்டும் அவரு ரூம்லயா?"

"ஒண்ணுக்கு ஒரு வேலைம்மா. அதான் சுத்தம்."

(என் கட்டுரையின் வரி, அச்சுப் பிசகாமல். வெட்கமாக இருந்தது. கட்டுரையைக் கிழித்தேன்.)

3.
ஹெலன் அந்த மெயிலை பிரிண்ட் எடுத்து பிரஸ்ஸின் மேல் ஒட்டினாள். 'நாலாம் நம்பரில் சென்சார் இல்லை. மாட்டாமல் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.' ஒரு ஸ்டூலை இழுத்து மிஷின் முன்னாலேயே உட்கார்ந்தாள்.

"எழுந்திரும்மா, புரொடக்‌ஷன் நின்னுடும்" என்றார் சூப்பர்வைசர் வெங்கடேசன்.

"மெயிலு போவட்டும் சார். அப்பால எழுந்துக்கிறேன்."

4.
முடிவு ஒன்று: பூட்டை உடைத்து மெயில் போகிறது.
முடிவு இரண்டு: ஹெலனுக்கு மெமோ.
முடிவு மூன்று: ஈஸ்வரியின் வலது கை

(எழுத மாட்டேன். யார் கேட்டாலும் எழுத மாட்டேன்.)

மணி ஒன்று ஐம்பத்தெட்டு. ஈஸ்வரி டிபன் பாக்ஸை வைத்துவிட்டு ஹெலன் பக்கத்தில் வந்து நிற்கிறாள். ஒட்டிய தாளை நீங்களும் படித்துவிட்டீர்கள். படிப்பதோடு என் வேலை முடிந்தது, அனுப்புவது வேறு ஆள் பாடு என்பீர்களானால், அதை என்னிடம் சொல்லாதீர்கள். ரெண்டு மணிக்குள் வந்து ஈஸ்வரியிடம் சொல்லுங்கள்.