ஐம்பத்து மூன்று மில்லிமீட்டர்

பறவை பார்க்கும் குழுவில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை உருப்படியாக ஒரு பறவையைக்கூட நான் பார்த்ததில்லை. பைனாகுலரைக் கண்ணில் வைத்தால் இரண்டு வட்டம் தெரியும், நடுவில் ஒரு கறுப்புப் பட்டை. பறவை சரியாக அந்தப் பட்டைக்குள்தான் போய் உட்காரும்.

"மரங்கொத்தி! தெரியுதா?" என்று கேட்பார் என் நாத்தனார். எதுவானாலும் முதலில் அவர் கண்ணில்தான் படும். "ஆமா அண்ணி, என்ன அழகு!" என்று நானும் ஒத்து ஊதிவிடுவேன்.

போன வாரம் மாட்டிக்கொண்டேன். எல்லாரும் ஓர் ஆந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "எப்படிப் பறக்குது பாருங்க!" என்று சொல்லித் தொலைத்தேன். அது பொந்தில் தூங்கிக்கொண்டிருந்ததாம். குழுத் தலைவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை கணக்கெடுப்புல நீங்க எழுதினாப் போதும்மா. பாக்குறத மத்தவங்க பாத்துக்குவாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. எழுதுவதற்கா விடியற்காலையில் எழுந்து ஓடி வருகிறேன்?

சனிக்கிழமை என் தையல் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு பைனாகுலர் கடைக்குப் போனேன். விற்பனைப் பையன் இருப்பதிலேயே பெரியதை எடுத்து நீட்டினான். "பெருசா இருந்தா நல்லாத் தெரியும்க்கா." இரண்டு குழலையும் முட்டும்வரை நெருக்கினேன். அதே இரண்டு வட்டம்தான். அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே அப்படித்தான். அழுகை வந்துவிட்டது.

கல்லாவில் இருந்த கடைக்கார அம்மா எழுந்து வந்தார். பைனாகுலரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். மூக்கின்மேல் ஒரு ஸ்கேலை வைத்து, "நேரா என்னையே பாருங்க" என்றார். "ரெண்டு கண்மணிக்கும் நடுவுல ஐம்பத்து மூணு மில்லிமீட்டர். இதெல்லாம் ஐம்பத்தாறுக்குக் கீழ நெருங்காது. உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல."

ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவள் நான். என் கண்ணுக்கு அளவு பார்க்கத் தோன்றவே இல்லை!

நடுவில் இரண்டு கீல் வைத்து, நன்றாக மடங்குகிற சின்ன பைனாகுலர் ஒன்றைக் கொடுத்தார். வாசலில் நின்று எதிர்க் கட்டிடத்தைப் பார்த்தேன். ஒரே வட்டம். அதற்குள் ஒரு புறா, கழுத்தெல்லாம் பச்சையும் ஊதாவுமாக. வாயெல்லாம் பல்லாக அங்கேயே நின்றுவிட்டேன்.

மறுநாள் காலை ஏரிக்கரையில் தலைவர் கையை நீட்டினார். "அந்தக் கட்டையில ரெண்டு நீர்க்காகம். எழுதிக்குங்கம்மா."

எல்லாத் தலையும் ஆடியது. "ரெண்டும் றெக்கையக் காய வைக்குது!" என்றார் நாத்தனார்.

நான் எழுதவில்லை. "ஒண்ணுதான் சார். பக்கத்துல இருக்குறது கிழிஞ்ச பிளாஸ்டிக் பை."

தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார்.

"நீங்க பாத்துச் சொல்லுங்கம்மா. நான் எழுதுறேன்."

தலைகால் புரியவில்லை எனக்கு. அடுத்த மரத்துக்கு நடக்கையில் நாத்தனார் என் முந்தானையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"நீ இத வாங்கின கடை இன்னிக்குத் திறந்திருக்குமா?"

"எதுக்கு அண்ணி?"

அவர் முன்னால் போகிறவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எனக்கும் ரெண்டு வட்டம்தாண்டி. ஆறு வருஷமா சத்தத்த வச்சே அடிச்சு விட்டுட்டிருக்கேன்."