ஸ்லைடு மாற்றுகிறவன்

எனக்குச் சம்பளம் கொடுத்தால்கூடப் பேச்சை நிறுத்த மாட்டேன் என்று அண்ணன் கேலி செய்வான். பள்ளியிலிருந்து கல்லூரி இரண்டாம் ஆண்டு வரை, எங்கே மைக் இருந்ததோ அங்கே நான் இருந்தேன். அதனால் மேடம் எங்களை நான்கு நான்கு பேராகப் பிரித்துக் குழு ஆய்வு என்று அறிவித்ததும், யாரும் கேட்காமலே நான் தலைவியாகிவிட்டேன். மற்ற மூவரில் ஒருவன் கணக்கில் புலி. ஒருத்தி ஸ்லைடு செய்வதில் கைகாரி. அழகி என்று கூப்பிடுவோம். நான்காமவனுக்குத் திக்குவாய். வகுப்பில் அவன் பெயர் நிதானம். பாசமாகத்தானே கூப்பிடுகிறோம் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

தலைப்பைக் கொண்டுவந்தவன் நிதானம்தான். பெரிய மருத்துவமனைக்கு எதிரே இருக்கும் பேருந்து நிறுத்தத்தில் மதியம் ஒன்று ஐம்பதுக்கு ஒரு பேருந்து போகிறது. அடுத்தது இரண்டு ஐம்பத்தைந்துக்கு. இடையில் ஒரு மணி நேரம் ஒரு கூட்டமே வெயிலில் நிற்கிறது. அதைப் பற்றிச் செய்யலாம் என்று ஒரு தாளில் எழுதி நீட்டினான். மேடத்துக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடும் அதிகாரியையே நடுவராகக் கூப்பிட்டுவிட்டார். அந்த மாதக் கடைசியில் புது அட்டவணை வர இருந்தது. நீங்கள் சொல்வது நியாயமாக இருந்தால் ஒன்று ஐம்பது வண்டியைப் பதினைந்து நிமிடம் தள்ளிப் போடுகிறேன் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

பதினோரு நாள் அந்த நிறுத்தத்தில் போய் நின்றவனும் நிதானம்தான். நாங்கள் ஆளுக்கு ஒரு நாள் போனோம். அதிலும் நான் அரை மணியில் தலைவலி என்று திரும்பிவிட்டேன். அவன் ஒவ்வொருவரிடமும் போய், தெரியாத மனிதர்களிடம், அந்த நாக்கை வைத்துக்கொண்டு, எங்கிருந்து வருகிறீர்கள், ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டு ஒரு நீல நோட்டில் எழுதிவந்தான். அதற்கு எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது, நல்லவேளை வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மேடை நேரம் பன்னிரண்டு நிமிடம். அதைத் தாண்டினால் அரை நிமிடத்துக்கு ஒரு மதிப்பெண் வெட்டு. ஆளுக்கு மூன்று நிமிடம் என்று பிரித்தேன். நூலகத்துப் பின்னறையில் ஒத்திகை பார்த்தோம். நிதானத்தின் பங்கு, அந்தக் கூட்டத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்பது. நான் கைபேசியில் கடிகாரத்தை ஓடவிட்டேன். மூன்று நிமிடம் போனது, நான்கு போனது. ஐந்தாவது நிமிடத்திலும் அவன் பாதியில்தான் இருந்தான். ஒரு சொல்லின் முதல் எழுத்திலேயே கண்ணை மூடி மாட்டிக்கொண்டு நின்றான். கணக்குப்புலி கூரையைப் பார்த்தான். அழகி தன் நகத்தைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவன் என்ன சொன்னான் என்று நாங்கள் மூவரும் கேட்கவே இல்லை.

"டேய், தப்பா எடுத்துக்காத," என்றேன். "உழைப்பெல்லாம் உன்னுதுதான். யார் இல்லைன்னா? ஆனா மார்க்கு நாலு பேருக்கும் சேத்துதானே. நீ பக்கத்துல நின்னு ஸ்லைடு மாத்து. சரியான நேரத்துல மாத்துறதும் பெரிய வேலைதான்."

"ஆமாடா, அது ரொம்ப முக்கியம்," என்றாள் அழகி.

அவன் எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். அவன் பகுதியை எடுத்ததும் அதற்கான ஸ்லைடையும் எடுத்துவிட்டோம். மொத்தம் எத்தனை பேர் என்ற எண் மட்டும் மிஞ்சியது. நீல நோட்டை நான் வாங்கிப் பையில் வைத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அரங்கில் நூறு பேர் இருப்பார்கள். வீட்டாரும் வரலாம் என்று மேடம் சொல்லியிருந்தார். கடைசி வரிசையில், வேலைக்குப் போட்டுப்போகும் சாம்பல் நிற மேல்சட்டையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நிதானம் மேடையிலிருந்து அவரைப் பார்த்துச் சிரித்ததால் அவனுடைய அம்மா என்று தெரிந்தது.

நன்றாகப் பேசினேன். பொய் அடக்கமெல்லாம் எனக்கு வராது. எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், எல்லாம் நினைத்தபடி அமைந்தது. அழகியும் கணக்குப்புலியும் தங்கள் பங்கைப் பிசகாமல் முடித்தார்கள். பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ரெண்டு மணிக்கு மேல அறுபது பேர் நிக்கிறாங்கன்னு சொல்றீங்க. யாரும்மா அவங்க?"

எனக்குப் பக்கவாட்டில் நிதானம் கையை உயர்த்தினான். வாய் திறந்திருந்தது, முதல் எழுத்து மாட்டிக்கொண்டிருந்தது. அரங்கம் முழுக்க அவனைப் பார்த்தது.

"அந்தத் தம்பி ஏதோ சொல்ல வர்றாரே," என்றார் அதிகாரி.

கடிகாரத்தில் நாற்பது வினாடி இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டு இவனால் மதிப்பெண் போகப்போகிறதே என்ற ஆத்திரம்.

"இல்ல சார், அவர் ஸ்லைடு மாத்துறவர்," என்றேன் சிரித்துக்கொண்டே. அரங்கமும் சிரித்தது. "அவங்கல்லாம் நோயாளிங்களைப் பாக்க வர்றவங்க சார். பார்வை நேரம் ரெண்டு மணிக்குத்தான் முடியுது."

எங்கிருந்து அந்தப் பதில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. வாயில் வந்தது, சொன்னேன். தடுமாறாமல் சொன்னேன். அதனால் எல்லோரும் நம்பினார்கள்.

அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். நிதானம் கையை இறக்கினான். பிறகு பொத்தானை அழுத்தினான். திரையில் நன்றி என்று வந்தது. எங்களுக்கு முதலிடம்.

வெளியே எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வந்தார். சோப்பும் கஞ்சியும் கலந்த வாசனை. மருத்துவமனையில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் பகுதியில் வேலையாம்.

"ரொம்ப நல்லாப் பேசின கண்ணு," என்றார். "அரை நாள் லீவு போட்டுட்டு வந்தேன். மூணு வாரமா வீட்டுல தினமும் பேசிப் பாப்பான். நான்தான் அந்த ஆபீசர் மாதிரி உக்காந்து கேள்வி கேப்பேன். இப்பப் பேசுவான், இப்பப் பேசுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவர் கொஞ்சம் தயங்கினார்.

"ஆனா நாங்க யாரையும் பாக்க வர்றவங்க இல்ல கண்ணு. ரெண்டு மணிக்கு ஷிப்ட் முடியுது. கைகால் கழுவிட்டு ஓடி வந்தாலும் வண்டி அதுக்கு முன்னாடியே போயிடுது."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் சண்டைக்காவது நின்றிருப்பேன்.

கழிப்பறையில் போய்க் கதவைத் தாழிட்டு நீல நோட்டைப் பிரித்தேன். அவன் பேச்சுக்கு நேர்மாறாகக் கையெழுத்து வழுக்கிக்கொண்டு போனது. துவைக்கிற இடம், சமையலறை, துப்புரவு, வார்டு உதவி என்று ஒவ்வொரு ஆளாக. அறுபத்து மூன்றில் ஐம்பத்தொரு பேர் அங்கே வேலை செய்பவர்கள். இருபத்தாறாவது வரியில், துவைக்கிற இடம், வயது நாற்பத்தெட்டு, கால் வீக்கம், என் அம்மா என்று எழுதியிருந்தான். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அதிகாரி அதற்குள் போய்விட்டார். இரண்டு நாள் அவனுக்கு முகம் கொடுக்க முடியாமல் ஒளிந்து திரிந்தேன். மூன்றாம் நாள் அவனை இழுத்துக்கொண்டு பணிமனைக்குப் போனேன். மாடியில், கோப்புகள் அடுக்கிய ஒரு சின்ன அறை. நீல நோட்டை அதிகாரியின் மேசையில் வைத்து, நான் சொன்னது தவறு, இவன் சொல்வதைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டேன்.

நிதானம் பேசினான். திக்கித் திக்கித்தான் பேசினான். அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். குறுக்கே ஒரு சொல் பேசவில்லை; எந்தச் சொல்லையும் எடுத்துக் கொடுக்கவுமில்லை. முதல் தடவையாக நானும் கேட்டேன். யார் எத்தனை மணிக்கு எழுந்து வேலைக்கு வருகிறார்கள், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள், எல்லாம் வரிசையாக, தெளிவாகச் சொன்னான். மொத்தம் எட்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அதிகாரி மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார். புது அட்டவணை. ஒன்று ஐம்பது, இரண்டு ஐம்பத்தைந்து.

"நேத்துதான் தம்பி கையெழுத்தாகி அச்சுக்குப் போச்சு. பாக்க வர்றவங்கதானே, கால் மணி நேரம் முன்னாடி கிளம்பிடுவாங்கன்னு விட்டுட்டேன். இனி ஆறு மாசம் கழிச்சுத்தான் மாத்த முடியும். அதுவும் அப்ப இந்த நாற்காலியில நான் இருந்தாத்தான்." சற்று நேரம் நோட்டைப் புரட்டினார். "அன்னிக்கே நீங்க சொல்லியிருக்கலாமே. நான் காத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

படியிறங்கும்போது, "மன்னிச்சுடுடா," என்றேன். அவ்வளவு பேசத் தெரிந்தவளுக்கு வேறொன்றும் வரவில்லை.

"பரவாயில்ல," என்றான்.

துளிகூடத் திக்கவில்லை. சிறுவயதிலிருந்து அந்த ஒரு சொல்லை அவன் எத்தனை பேரிடம், எத்தனை முறை சொல்லியிருந்தால் அது அப்படி வழுக்கிக்கொண்டு வரும் என்று நினைத்து அப்படியே நின்றுவிட்டேன். மணி இரண்டு பத்து. வாசலில் எனக்காகக் கொஞ்சம் பார்த்துவிட்டு, அவன் அம்மாவுக்குத் துணையாக நிற்க மருத்துவமனைப் பக்கம் நடந்தான்.