யூனாவின் பல்லுக்கொழுக்கட்டை

முதற்பல் முளைத்ததற்குத் தலையில் கொழுக்கட்டை சொரிந்த அன்று, முன்னால் பரப்பிய பொருட்களில் யூனா எடுத்தது நூலையா, கார்ச் சாவியான திறப்பையா என்பது மேரிசாந்திக்கு இப்போது நிச்சயமில்லை. நூல் என்றுதான் நெடுநாளாக நம்பிக்கொண்டிருந்தாள். வெள்ளை நூற்பந்து, அதன்மேல் எச்சில் ஈரம் காயாத சின்ன விரல்கள். கணவர் கிறிஸ்துநாயகமோ திறப்பு என்கிறார். அன்று எடுத்த போட்டோவில் கொழுக்கட்டைகள் பிள்ளையின் தலையிலிருந்து உருண்டு விழுகின்றன. கை அவற்றுக்குள் மறைந்துவிட்டது. ஒன்றை அளவுக்கு மீறி நினைத்தால் நடந்தது தேய்ந்துபோய், நினைத்தது மட்டும்தான் மிஞ்சும் போலிருக்கிறது.

நியூ மால்டனில் அவர்களுடையது நகரசபைக் கவுன்சிலுக்காகப் பிள்ளைகளைத் தற்காலிகமாக வளர்த்துக் கொடுக்கிற வீடு. யூனாவுக்கு முன்னும் சில பிள்ளைகள் வந்து போயிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் மேரிசாந்தி அழுது முடித்து, அடுத்த பிள்ளைக்காகத் தொட்டிலைத் துடைத்து வைப்பாள். அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. யூனா பல் முளைக்கிற பருவத்தில் வந்தாள். அவளைப் பெற்ற கொரியப் பெண்ணால் வளர்க்க இயலவில்லை என்பதற்கு மேல் இவர்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. அழைத்து வந்த சமூக சேவையாளர் ரேச்சல், பிள்ளையின் உடுப்புகளோடு ஒரு பை நிறையப் படப்புத்தகங்களையும் வைத்துவிட்டுப் போனாள். எல்லாம் கொரியப் பிள்ளைகளைப் பற்றியவை. வகுப்பில் தன் பெயரைச் சொல்லக் கூசுகிற சிறுமி, பட்டுடுத்தி நிலத்தில் விழுந்து வணங்குகிற குடும்பம். தான் யாரென்பது பிள்ளைக்கு மறந்துபோகக் கூடாது, தினமும் வாசியுங்கள் என்பது ரேச்சலின் வேண்டுகோள்.

ஆங்கிலம் வாசிக்க மேரிசாந்திக்கு நேரமெடுக்கும். படத்தைப் பார்த்துத் தமிழிலேயே சொல்வாள். அப்படிப் புரட்டியபோதுதான் அந்தப் பக்கம் வந்தது. வண்ணப் பட்டில் ஒரு குழந்தை; முன்னால் புத்தகம், தூரிகை, காசு, நூல். சுற்றிலும் பெரியவர்கள், எதை எடுக்கப்போகிறது, அதன் எதிர்காலம் என்ன என்று பார்த்தபடி.

"இஞ்சருங்கோ, இவையளும் பல்லுக்கொழுக்கட்டை செய்யினம்."

கிறிஸ்துநாயகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "தலையிலை கொழுக்கட்டையைக் காணேல்லையே."

"படம் கீறினவன் விட்டிட்டான்."

அது முதலாம் பிறந்தநாளுக்குச் செய்வது என்று கீழே எழுதியிருந்ததை அவள் பிறகுதான் வாசித்தாள். அதற்குள் டோல்வொர்த் தமிழ்க் கடையில் அரிசிமா வாங்கி, தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லாகப் பதித்துக் கொழுக்கட்டை அவித்தாயிற்று. நூற்பந்தைப் படத்தில் உள்ளபடியே வெள்ளையில் தேடி, கொரியக் கடையில் வாங்கினாள். கிறிஸ்துநாயகம் தான் ஓட்டும் மினிகேப் வாடகைக் காரின் திறப்பையும் விளையாட்டாக வைத்தார். பக்கத்துத் தெருத் துசியந்தி, "அண்ணை, திறப்பை வையாதேங்கோ. பெட்டை காரை எடுத்துக்கொண்டு ஓடிடுவாள்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மேரிசாந்திதான் அதிகம் சிரித்தாள்.

பிள்ளை நடந்தாள், பேசினாள், தமிழில் அடம்பிடித்தாள். மூன்று வயதை நெருங்கியபோது, அவளைத் தாங்களே தத்தெடுக்க முடியுமா என்று இருவரும் கேட்டார்கள். ரேச்சல் வந்து உட்கார்ந்தாள். மேரிசாந்தி தேத்தண்ணீரைக்கூட ஊற்றாமல் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை விரித்து, அருகே கொழுக்கட்டை விழும் போட்டோவை வைத்தாள். பாருங்கள், நாங்கள் ஒன்றும் தூரத்து ஆட்களில்லை என்று சொல்ல நினைத்தாள். சொல்வதற்குள் யூனா ஓடிவந்து பட்டுக் குழந்தையின் மேல் விரலை வைத்தாள்.

"இது நான்."

என்ன சொல்கிறாள் என்று ரேச்சல் கேட்க, மேரிசாந்தி மொழிபெயர்த்தாள். ரேச்சலின் கண்கள் கலங்கிவிட்டன. தன்னை இப்படி அடையாளம் கண்டுகொள்கிற பிள்ளையை இதுவரை பார்த்ததில்லை என்றாள். இது உங்கள் வளர்ப்பு என்றாள். லீட்ஸில் ஒரு கொரியத் தம்பதி பிள்ளைக்காகக் காத்திருப்பதாகவும், இளம் வயதுக்காரர்கள் என்றும், யூனா இனி அவர்களிடம் போகத் தயார் என்றும் அதே மென்மையான குரலில் சொன்னாள்.

அன்று சமையலறையில் கிறிஸ்துநாயகம் பாலை அடுப்பில் வைத்தார். பிறகு, "நீர் வாசிக்காமல் விட்டிருக்கலாம்" என்றார்.

"வாசிக்காட்டிப் பிள்ளைக்குத் தான் ஆரெண்டு தெரியாமல் போயிருக்கும்."

"தெரிஞ்சபடியால்தானே போறாள்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

லீட்ஸிலிருந்து இன்னொரு படப்புத்தகம் வந்தது. அந்தத் தம்பதி யூனாவுக்கென்றே போட்டோக்களை ஒட்டிச் செய்தது. புதிய அம்மா, புதிய அப்பா, ஒரு பூனை, யூனாவின் கட்டில். அதையும் மேரிசாந்திதான் தினமும் வாசித்துப் பழக்க வேண்டும். சந்தோஷமான குரலில் வாசிக்க வேண்டும்.

"இவ ஆர்?" என்று பிள்ளை கேட்டாள்.

"உன்ர அம்மா."

"அப்ப நீங்கள்?"

மேரிசாந்தி பக்கத்தைப் புரட்டினாள். பூனை வந்தது. யூனா கைதட்டிச் சிரித்தாள்; கேட்டதை மறந்துபோனாள்.

பிள்ளைகள் தங்களுக்குக் கொடுக்கிற எதையும் முழுதாக வாங்கிக்கொள்கிறார்கள். கூட்டிப்போக வந்த கார் வாசலில் நின்றதும், யூனா யன்னலில் முகத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "புத்தகத்து அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடினாள். அந்தப் பெண் முழந்தாளிட்டு அவளை வாங்கிக்கொண்டாள். யூனா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பாராமல் போகும்படி அவளைப் பழக்கியவள், பழகிய புன்னகையோடு வாசற்படியில் நின்றாள். முகம் வலிக்கும்வரை நின்றாள்.

யூனாவுக்கு இப்போது ஏழு வயது. லீட்ஸில் பள்ளிக்குப் போகிறாள், கொரிய மொழி பேசுகிறாள், தமிழ் ஒரு சொல்லும் நினைவில்லையாம். ஒவ்வொரு டிசம்பரும் நத்தாருக்கு ஒரு போட்டோ வரும். ரேச்சல் வேறு ஊருக்கு மாறிப்போனாள். கிறிஸ்துநாயகம் இன்னும் கார் ஓட்டுகிறார். மேரிசாந்தி பிறகு எந்தப் பிள்ளையையும் எடுக்கவில்லை. வெள்ளை நூற்பந்து தையல் பெட்டியில் கிடக்கிறது; சட்டைப் பொத்தான் அறுந்தால் அவள் கடைக்குப் போய் வேறு நூல் வாங்கி வந்து தைக்கிறாள்.