ரெட்டைச் சடைக் கொழுப்பு

தலைகளெல்லாம் தண்ணீரைப் பார்த்திருக்கின்றன, தலைக்கு இரண்டு சடை, நுனியில் ரிப்பன், மேல் வரிசையின் சடைகள் கீழே தொங்க, கீழ் வரிசை தலைகீழாக நின்று தன் சடைகளை மேலே நீட்ட, நடுவே சொட்டு நீர் புகாத இடம், செல் சவ்வின் படம் வரைக என்ற கேள்விக்கு முகம் தெரியாத ஒரு பெண் வரைந்த படம், கீழே எழுதியிருக்கிறாள், தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், சடைக்குப் பிடிக்காது, ஒருத்தி கையை ஒருத்தி பிடிக்கவில்லை, இடம் மாறி நகர்ந்துகொண்டே இருப்பார்கள், ஆனாலும் வரிசை உடையாது, இந்தக் கொழுப்பு இல்லாவிட்டால் உயிரே இல்லை, இருபது வருடமாக விலங்கியல் நடத்துகிறேன் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை, வெட்கத்தோடு ஐந்துக்கு ஐந்து போட்டேன், அந்த ஐந்தில்தான் அவள் கரையேறுகிறாள், மதிப்பீட்டு முகாமின் தலைமைத் தேர்வாளர் தங்கமாரியப்பன் சார் அதை அடித்துச் சுழி போட்டார், பாஸ்போலிப்பிட்னு அந்தக் கொழுப்போட பேர ஒரு எடத்துலயாவது எழுதியிருக்காளா டீச்சர், சடையாம், ரிப்பனாம், இவளுக்குத்தான் கொழுப்பு.

கொழுப்பு, அந்தச் சொல் விழுந்ததும் எனக்குப் பன்னிரண்டு வயது, சோப்பு போட்டால் எண்ணெய் ஏன் டீச்சர் போகிறது என்று கேட்டதற்குக் கொழுப்புடி உனக்கு என்று வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள், சடையிலிருந்து தேங்காயெண்ணெய் கழுத்தில் வழிகிறது, வழிந்து துடைக்கும்போது கழுத்தில் தாலி கிடக்கிறது, மேலே படிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறேன், படிச்ச கொழுப்பு பேசுது என்கிறார் மாமியார், இரண்டு இடத்திலும் நான் ஏதோ ஜோக்கடித்துச் சிரித்துத் தப்பித்தேன், வீரம் எனக்கு அந்த மட்டுக்குத்தான், இப்போதும் ஒரு ஜோக்கைத் தேடுகிறேன், பாழாய்ப்போனது வரவில்லை, வந்தது வேறு, சார், கொழுப்பு செல்லுக்குச் செல் உண்டு, உங்களுக்கும் உண்டு, அது இருக்கிறதாலதான் கரைஞ்சுபோகாம நின்னு பேசுறீங்க, என்ன டீச்சர் பேச்சு ஒரு தினுசாப் போவுது, போவட்டும் சார், பதில்ல என்ன தப்புன்னு சொல்லுங்க, பேருதான இல்ல, அந்தப் பிள்ளைக்கு மார்க்கு வராம அடுத்த பேப்பர் கட்டு நான் வாங்க மாட்டேன், சொல்லிவிட்டேன், மெமோ வந்தால் வீட்டில் என்ன சொல்வது என்று மனசு ஒத்திகை பார்க்கிறது.

பக்கத்தில் பிலோமினா டீச்சர் பேனாவை மூடுகிற சத்தம், நானும் வாங்கல சார், எதிர் வரிசையில் உலகம்மாள் டீச்சர் வாங்கியிருந்த கட்டையே தள்ளி வைக்கிறார், சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்மா என்று சாரின் குரல் இறங்குகிறது, அப்ப சட்டுனு போடுங்க சார், எங்களுக்கும் வீடு வாசல் இருக்கு, நீண்ட மேசையின் இருபுறமும் இரண்டு வரிசை, ஒருத்தி கையை ஒருத்தி பிடிக்கவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை, தலைகள் மட்டும் அவரைப் பார்த்திருந்தன, சுழியை அடித்தார், ஐந்தைத் திரும்ப எழுதிச் சுருக்கொப்பம் இட்டார், மொத்தப் பேருக்கும் கொழுப்பு என்றார், இல்லை என்று யாரும் சொல்லவில்லை.