அட்டைக்குப் பின்னால் விழுந்த இருபது

கிறிஸ்டோவுக்குப் பொய் சொல்ல வராது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும், ராபர்ட்சன்பேட்டை பேக்கரியின் கேக் பெட்டி அட்டையை முன்னால் நிறுத்திக்கொண்டு, வாய் கூசாமல் சொல்வான்.

சுரங்கத் தொழிலாளர் லைன்களில் ஒன்றான ஸ்கெலட்டனில், ஏனோக் வீட்டு முன்னறையில் நடக்கும் ஆட்டம் அது. ஏனோக்குக்கு ஒரு வீரன், அவன் தங்கை லவினாவுக்கு ஒரு வீராங்கனை. கதையை நடத்துவதும், எதிரில் வரும் பூதம் பிசாசெல்லாம் ஆவதும் கிறிஸ்டோ. அடி எவ்வளவு பலம் என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பூதத்தின் பகடையை அட்டைக்குப் பின்னால் மறைத்து உருட்டுவது வழக்கம். சண்டை சப்பென்றும் போகக்கூடாது, ஆளை ஒரேயடியாகக் காலி செய்துவிடவும் கூடாது. அந்த அளவு பார்ப்பதுதான் நடத்துகிறவன் வேலை.

கிறிஸ்டோ அளவு பார்க்கவில்லை, பயந்தான். ஏனோக் தன் வீரனுக்கு சாமுவேல் என்று அப்பா பெயரை வைத்துத் தொலைத்திருந்தான். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது ஷிப்டுக்குப் போய், சுரங்கத்தில் பாறை சரிந்து, உயிரோடு மேலே வராத அப்பா. அந்தப் பெயரைக் கொல்ல யாருக்குக் கை வரும்? பகடையில் பதினெட்டு விழுந்தால் நான்கு என்பான்.

போன வாரம் ஏனோக் கேட்டே விட்டான். "அப்பா பேருன்னு விட்டுக் குடுக்கிறியா இன்னா? அப்படின்னா சொல்லிடு, நான் ஆடல."

"சத்தியமா இல்லடா."

அதனால்தான் இன்று வேண்டுமென்றே ஒரு ராட்சசப் பூதத்தைக் கதைச் சுரங்கத்தின் அடி லெவலில் வைத்திருந்தான். பார்த்ததும் கேஜ் லிஃப்டில் ஏறி மேலே ஓடிவிடுவார்கள், பொய் சொல்லாமல் ஒரு ஞாயிறு கழியும் என்று கணக்கு. ஆனால் முதல் அடியிலேயே லவினாவின் வீராங்கனை சுருண்டு விழுந்தாள்.

"கேஜ் பக்கத்துலதான் நிக்குது," என்று கிறிஸ்டோ எடுத்துக்கொடுத்தான். "பெல் அடிச்சா மேல போயிடலாம்."

ஏனோக் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "கீழ ஆள் கிடக்குது. பெல் அடிக்கச் சொல்றியே, நீயும் இந்த ஊருதானே?"

கிறிஸ்டோவுக்குச் சுரீரென்றது. உள்ளே ஆளை விட்டுவிட்டு மேலே வருகிற பழக்கம் இந்த லைன்களில் எந்த வீட்டுக்கும் கிடையாது. தினமும் பெங்களூர் ரயிலில் வேலைக்குப் போய் வந்து அதைக்கூட மறந்திருக்கிறான், மடையன்.

சாமுவேல் திரும்பிப் போனார். விழுந்தவளைத் தூக்கி வந்து கேஜில் கிடத்தி, வெளியே நின்றபடி பெல் அடித்தார். அடுத்தது பூதத்தின் முறை. அட்டைக்குப் பின்னால் பகடை உருண்டு நின்றது. இருபது. அதற்கு மேல் எண்ணே இல்லை.

நான்கு என்று சொல்ல வாயைத் திறந்தான். ஏனோக்கின் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

"செத்துட்டாரு," என்றான். நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்துவிடுவானோ? படக்கென்று அட்டையை எடுத்தான். "பாருடா, நான் பண்ணல. பகடைதான்."

லவினா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேஜ் மேல போயிடுச்சா?" என்றான் ஏனோக்.

"போயிடுச்சு. லவினா பொழச்சுட்டா."

ஏனோக் தலையாட்டினான். கண் கலங்கியிருந்தாலும் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. பிறகு அட்டையைக் கையில் எடுத்துப் புரட்டினான்.

"இத்தினி நாள்ல ஒரு தபாகூட இத எடுத்துக் காட்டினதில்லையே. இன்னிக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

கிறிஸ்டோவால் நிமிர முடியவில்லை.

"நெஜம் சொல்லு. எங்கப்பா ஒரு தபாவாவது தானா பொழச்சு மேல வந்தாரா?"

வந்திருப்பார். சில தடவையாவது கட்டாயம் வந்திருப்பார். எந்தச் சண்டையில் என்று கிறிஸ்டோ மனசுக்குள் தேடிப் பார்த்தான். எதில் உண்மை சொன்னான், எதில் பொய் சொன்னான் என்பது அவனுக்கே நினைவில்லை.

"தெரியலடா," என்றான்.