முட்டிக்குள் கேட்ட சத்தம்

"உனக்குக் கேக்கல அம்சு?"

"என்னங்க?"

"முட்டிக்குள்ள. காஞ்ச மூங்கில ஒடிச்ச மாதிரி..."

"மாடு கலப்பைய இடிச்சிருக்கும். எந்திரிங்க."

மூன்று நாளைக்கு முன் சேற்றில் விழுந்து கிடந்த கணவனிடம் அப்படித்தான் சொன்னாள் அம்சவல்லி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை வாசலில் நின்றபோது அந்தப் பேச்சே திரும்பத் திரும்ப அவள் காதில் விழுந்தது.

அன்று சேற்றில் புதைந்த கால் அப்படியே நிற்க, மிரண்ட மாடு இழுத்த இழுப்பில் வைரக்கண்ணுவின் உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. சோறு வடிப்பதற்குள் முட்டி பூசணிக்காயாக வீங்கியது.

"மூச்சு விடாத. சாமிதுரை காதுல விழுந்தா நிலம் போச்சு" என்றான்.

சாமிதுரை பழைய பண்ணையின் காரியக்காரர். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிடமிருந்து எடுத்து அரசாங்கம் இவர்களுக்குக் கொடுத்த ஒன்றரை ஏக்கர் அவர் கண்ணில் முள். 'தானே உழாதவன் பட்டா ரத்து' என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பயந்து, முட்டியில் புடவைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வைரக்கண்ணு மேலும் இரண்டு நாள் ஏர் பிடித்தான். இன்று காலை வரப்பில் முட்டி தானாக மடங்கி விழுந்ததும், அவள் நன்னிலத்தில் பஸ் ஏற்றிக் கூட்டிவந்துவிட்டாள்.

டாக்டர் மிக்கேல்ராஜ் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்பு நல்லாருக்கு." ஊசியால் முட்டியிலிருந்து நீர் எடுத்தபோது குழாய் நிறைய ரத்தம். பிறகு முட்டியைச் சற்றே மடக்கி, தொடையை ஒரு கையால் பிடித்து, கெண்டைக்காலை முன்னால் இழுத்தார். மேசை டிராயர் போல அது நகர்ந்து வந்தது. நல்ல காலையும் இழுத்துக் காட்டினார்; அது அசையவில்லை.

"உள்ள இருக்கிற ஜவ்வு அறுந்துபோச்சு. அதோடவா ஏர் பிடிச்சீங்க? உங்களுக்கு மாடே தேவலை! ஆறு வாரம் மாவுக்கட்டு. கால் ஊனக் கூடாது. அப்புறமும் முட்டி நழுவினா ஆபரேஷன். இப்படியே நடந்தா உள்ள மிச்சம் இருக்கிறதும் தேஞ்சு, கால் ஒண்ணுக்கும் ஆகாது."

அவர் வெளியே போனதும் வைரக்கண்ணு வேட்டியை இழுத்துக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தான். முகம் வெளிறியிருந்தது.

"பத்து நாள்ல நடவு. வா, போவலாம்."

"கால் போயிடுங்க."

"நிலம் போனா? ஏர யாரு புடிப்பா? பொம்பள மேழியத் தொட்டா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"சிரிப்பு இருக்கட்டும். பட்டாவுல எம் பேருதானடி இருக்கு? வேற யாரு உழுதாலும் சாமிதுரை மனு போடுவாரு."

பட்டா கைக்கு வந்த நாளிலிருந்து நாலு வருடமாக அவள் தொண்டைவரை வந்து வந்து திரும்பிய பேச்சு ஒன்று இருந்தது. அவன் தோளை இரண்டு கையாலும் அழுத்திக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"பட்டாவுல எம் பேரையும் சேருங்க. ஏர நான் புடிக்கிறேன்."